எந்தப் பதிப்பிலும் இல்லாத விதி

நாகராஜுக்கு ஊர் எம்.ரெட்டியபட்டி, தொழில் ஷேர் ஆட்டோ. அதற்கு முன்னால் பெங்களூரில் ஒரு விடுதியில் சமையல் உதவிக்கு இருந்தான். அப்பாவுக்கு முடியாமல் போகவே ஊர் திரும்பிவிட்டான். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் புதுத் துணிமணி கொண்டு வருவார்கள். இவன் கொண்டு வந்தது இருபது முகமுள்ள ஒரு பகடையும், விடுதிப் பையன்கள் அறையைக் காலி பண்ணும்போது விட்டுப்போன தடித்த இங்கிலீஷ் புத்தகமும். அவனுடைய அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

அது ஓர் ஆட்டத்துக்கான புத்தகம். பலகை, காய் எதுவும் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருப்புக்கோட்டையில் சக்திகுமார் வீட்டுத் தறிக்கூடத்தில் கூடுவோம். கதை சொல்வது நாகராஜ். ஆடுவது சக்திகுமார், பாலவனத்தத்து முருகலட்சுமி, நான். புத்தகத்தை நாங்கள் தொட்டதில்லை. கதை சொல்கிறவன்தான் தொடலாம், அதுவும் விதி என்று முதல் நாளே நாகராஜ் சொல்லிவிட்டான்.

விதிகள் கடுமையானவை. மழை பெய்ய இருபது விழ வேண்டும். விழுந்தாலும் பக்கத்து ராஜ்ஜியத்தில்தான் பெய்யும். குகைக்குள் நுழைகிறவன் "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் வெறுமனே "போறேன்" என்றால் பகடையில் ஐந்து குறையும். எல்லாவற்றுக்கும் மேல் உப்பு விதி. ஒருவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவன்மேலேயே கத்தியை உருவினால், உருவியவனுக்குச் சாவு. அதற்குப் பகடைகூட உருட்ட வேண்டியதில்லை.

சக்திகுமாரின் வீரன் வேலப்பன் அப்படித்தான் செத்தான். வருஷக்கணக்காக வளர்த்த ஆள். அரக்கன் கோட்டையில் பசிக்கு ரெண்டு வாய் கம்மஞ்சோறு வாங்கித் தின்றுவிட்டு, அரக்கன் முதுகைக் காட்டிய நேரம் கத்தியை எடுத்தான். நாகராஜ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செத்துட்டான்ப்பா" என்றான். சக்திகுமாருக்குக் கோபம் வந்தால் வீட்டுப் பேச்சான கன்னடத்துக்குப் போய்விடுவான். அன்றைக்குப் போனவன் சாயங்காலம் வரை தமிழுக்குத் திரும்பவில்லை. ஒரு மாசம் ஆட்டம் அவன் வீட்டில் நடந்தது, அவன் இல்லாமல். பிறகு, "புத்தகத்துல போட்டுருக்குன்னா என்ன செய்ய" என்று வந்து உட்கார்ந்து ஒரு மந்திரவாதியை எடுத்துக்கொண்டான். அந்த மந்திரவாதி இன்றுவரை எவர் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

போன மாசம் அந்த ஆட்டத்தின் கம்பெனிக்காரர்கள் மதுரையில் ஒரு ஹாலைப் பிடித்து, ஆடுகிறவர்களைக் கூப்பிட்டார்கள். புதுப் பதிப்பு வருகிறதாம். அதில் என்னென்ன வேண்டும் என்று சொல்லலாமாம். "நமக்கெதுக்கு, ஆட்டோவுக்கு எஃப்சி எடுக்கணும்" என்று நழுவப் பார்த்தான் நாகராஜ். நாங்கள்தான் இழுத்துக்கொண்டு போனோம்.

காலேஜ் பிள்ளைகள் எழுந்து, சூனியக்காரனுக்குப் பலம் அதிகம், குறையுங்கள் என்றார்கள். அடிபட்டவன் ஒரே தூக்கத்தில் தேறுவது அநியாயம் என்றார்கள். முருகலட்சுமி எழுந்து, "மழை விதியைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்க மேடம்" என்றாள். மேடையிலிருந்த பெண், மழைக்கு விதியே இல்லையே என்றார். அடுத்து சக்திகுமார். "உப்பு விதியில சாவுக்குப் பதிலா கை மட்டும் விழுற மாதிரி வைங்க." அந்தப் பெண் முழு விவரத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்படி எந்தப் பதிப்பிலும் இல்லைங்க" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் நாகராஜைப் பார்த்தோம். அவன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவனே ஆரம்பித்தான். "இங்கிலீஷு பாதி புரியல. புரியாத இடத்துல நமக்குத் தெரிஞ்சதைப் போட்டுச் சொல்லிட்டேன். புரிய ஆரம்பிச்சப்ப நீங்கள்லாம் அதுக்குப் பழகிட்டீக." சக்திகுமார் பக்கம் திரும்பினான். "வேலப்பன் சாகலைலே சக்தி. வர்ற ஞாயித்துக்கிழமை எழுப்பிருவோம். இனிமே புத்தகம் உன்கிட்டயே இருக்கட்டும். நீயே கதை சொல்லு."

வாரம் பூராவும் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்கிற வாய் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அதற்குக் கதை. அதையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ரெண்டு சாத்தலாம் போலவும் இருந்தது.

காரியாபட்டி வரை சக்திகுமார் வாயைத் திறக்கவில்லை. கன்னடம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அந்த அரக்கன் சோறு போட்டான்ல?" என்றான் கடைசியில்.

"போட்டான்."

"நான் தின்னேன்ல?"

"தின்ன."

"அப்புறம் எப்படிலே பொழைப்பான்? செத்தவன் செத்தவன்தான். ஞாயித்துக்கிழமை புத்தகத்தை எடுத்துட்டு நேரத்தோட வந்து சேரு."