பௌர்ணமிப் பொங்கலும் என் மூக்கும்

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் கிரிவலம் வருகிறவர்களுக்கு வெண்பொங்கல் தருகிறோம். அண்டாவில் கிளறுவது நான்தான். படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது என்பதால், ஆவியை முகர்ந்தே உப்பு போதுமா, அடிப்பிடித்ததா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

இரண்டு வருஷமாக மூக்கடைப்பு. சளி என்று நினைத்து, தைலம், ஆவி, மிளகுக் கஷாயம் என எல்லாம் செய்து அலுத்துவிட்டது. பெருங்காயம்கூட மணக்காமல் போன பிறகுதான் டவுனில் மூக்கு டாக்டரிடம் போனேன்.

மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். மூக்கின் உள்சவ்வு வீங்கி, உரித்த திராட்சை மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிறதாம். வலிக்காது, புற்றுநோயும் இல்லை; வழியைத்தான் அடைக்கும். உப்புத்தண்ணீரில் மூக்கைக் கழுவி, தினமும் ஸ்பிரே அடித்தால் சுருங்கும். கேட்காவிட்டால் ஆபரேஷன். அதற்குப் பிறகும் வளரலாம், அதனால் ஸ்பிரேயை விடக் கூடாது என்றார். இன்னும் எத்தனை காலத்துக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

சில வாரங்களில் நெய் மணத்தது. அடுப்படியிலேயே அழுதுவிட்டேன். அடுத்து வந்த பௌர்ணமியன்று, மருந்து தொண்டைக்குள் இறங்கினால் விரதம் கெடும் என்று ஸ்பிரேயை நிறுத்தினேன். ஒரு நாள் ஒரு வாரமானது, பிறகு மறந்தே போனது. மணமும் போனது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பௌர்ணமிக்கு, இறக்கிய அண்டாவின் முன் எனக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். குனிந்து நிமிர்ந்தவர் அண்டாவை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்காகச் சொல்லாதீங்க. உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

"அடிப்புடிச்சிருக்கு. போன மாசமும் தான். நீ சங்கடப்படுவேனு சொல்லல."

போன மாதம் பலர் தொன்னையைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தது நினைவுக்கு வந்தது. வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவமானமாக இருந்தது. கோபம் அவர் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

அந்தப் பொங்கலை ஒதுக்கிவிட்டு, புது அரிசி களையச் சொன்னேன். உள்ளே போய், விரதத்தோடேயே, இரண்டு மூக்கிலும் ஸ்பிரே அடித்துக்கொண்டேன். மருந்து தொண்டையில் இறங்கியது. அதன் கசப்பு மட்டும் எனக்கு நன்றாகவே தெரிந்தது.