காய்ச்சல் வராத மனிதர்

எண்பதுகளில் ஒருநாள், திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்த பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உப்பி உருண்டையான முகம். யாராவது தும்மும்போதெல்லாம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மெட்ராஸில் அவருக்குத் தம்பியின் சிறுநீரகத்தைப் பொருத்தியிருந்தார்களாம்.

"அதை உடம்பு வெளியாள்னு நெனச்சு அழிச்சிரக் கூடாதுல்ல? அதுக்குத்தான் எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை" என்றார்.

தன் காலில் முள் குத்திய இடத்தைக் காட்டினார். கறுத்திருந்தது; வீக்கமே இல்லை.

"காய்ச்சல் இருக்கா?" என்றேன்.

"இல்லண்ணே. வந்தாத்தான் நல்லது. கிருமி உள்ள புகுந்தாலும், காய்ச்சல், வீக்கம், வலின்னு உடம்பு காட்டிக்குடுக்க இந்த மாத்திரை விடாதாம். எம்புட்டுப் பரவியிருக்குன்னே தெரியல. அதான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியவர், அந்தக் காலை நன்றாக ஊன்றியே நடந்தார். வலியே தெரியாத அந்த நடைதான் எனக்குப் பயமாக இருந்தது.