நரிக்குட்டி அழுத இடம்

தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். விடுமுறைக்குப் போடும் கார்ட்டூன் படங்களை விளம்பரத்துக்கு இடம் விட்டு வெட்டிச் சுருக்குவது அவள் வேலை. ஆண்டுக்கு ஆண்டு விளம்பரம் பெருத்தது, படம் இளைத்தது. பாட்டு மூச்சு வாங்குகிற இடத்தில் வெட்டுவாள், கதவு சாத்துகிற சத்தத்தில் வெட்டுவாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்கே தெரியாத வேலையை யார் பாராட்டப் போகிறார்கள்?

தங்கையின் கதை வேறு. டப்பிங் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள், "என் தங்கச்சி நல்லா குரல் மாத்திப் பேசுவா" என்று இவளேதான் வாயைக் கொடுத்தாள். சும்மா இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். தங்கை பேசிய நரிக்குட்டிக் குரல் வீடு வீடாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மருந்துக் கடைக்காரர்கூட, "ஒரே ஒரு தடவை நரிக்குட்டி மாதிரி பேசுங்களேன்" என்று கெஞ்சுவார். பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பவளை யார் பார்த்தார்கள்? அதையும் பொறுத்துக்கொண்டாள். பெற்ற மகளே படுக்கையில், "நீ கதை சொல்லாதம்மா, சித்திக்குப் போன் போடு" என்றபோதுதான் வயிறு பற்றி எரிந்தது.

இந்த விடுமுறைக்கும் நரிக்குட்டிப் படம் வந்தது. மேலாளர் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் குறைக்கணும்மா. எங்க கை வைக்கறதுன்னு உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரியும். முயல்கள் துரத்துகிற காட்சி சும்மா நீளம், கதைக்கும் ஒட்டாது. ஆனால் அவள் கை, ஆற்றங்கரையில் நரிக்குட்டி தனியாக அழுகிற இடத்துக்குப் போனது. இது இல்லாவிட்டாலும் கதை புரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அழுகையை முழுசாக எடுத்துவிட்டு, ஆற்றுச் சத்தத்தை அடுத்த காட்சியின் மழைச் சத்தத்தோடு சேர்த்தாள். ஒட்டுப்போட்டதே தெரியவில்லை.

ஒளிபரப்பான அன்று எல்லாரும் தங்கை வீட்டில் இருந்தார்கள். மகள் சித்தியின் மடியில். திரையில் மழை பிடித்தது, நரிக்குட்டி எழுந்து நடந்தது. தங்கையின் சிரித்த முகம் மாறவில்லை. மகள்தான் துள்ளி எழுந்தாள். "சித்தி அழற இடம் எங்க?"

"விடுடி, இப்பவே அழுது காட்டறேன்!" தங்கை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். வெட்டி எறிந்தது கைதட்டலோடு திரும்பி வந்து கூடத்தில் நின்றது. இவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தங்கை பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நீதானே வெட்டின?"

"நேரம் பத்தல."

"கோவமா கேக்கலக்கா. அந்த இடம் எனக்கு மனப்பாடம். அப்பவும் எப்ப தாண்டிப் போச்சுன்னே தெரியல. எப்படிக்கா பண்ற?"

இத்தனை வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி. கேட்டவள் தங்கை, அதுவும் இந்த வெட்டைப் பார்த்து. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

மறு ஒளிபரப்புக்கு முன் மேலாளரிடம் போய், "துரத்தற சீனை எடுத்துட்டு அழற சீனை வைக்கறேன் சார்" என்றாள்.

"யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே?"

"நான் பண்றேன்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த அழுகையைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒட்டினாள். நன்றாகத்தான் அழுதிருந்தாள், பாவி.

இந்த முறை தன் வீட்டிலேயே மகளோடு உட்கார்ந்து பார்த்தாள். அந்த இடம் வந்ததும் மகள் அவள் தோளில் முகம் புதைத்து விசும்பினாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். சாய்ந்திருப்பது என் தோளில், அழுவது அவள் குரலுக்கு என்று அப்போதும் உள்ளே ஓர் ஓரம் காந்தியது. ஆனாலும் தோளை நகர்த்தவில்லை.