கையில் ஒட்டிய சிவப்பு

அம்மா புறவாசலில் உட்கார்ந்து, என் தம்பியின் உள்ளங்கைகளை நல்லெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையும் சிவந்திருக்கின்றன. துடைக்கும்போதே அடிக்கொருதரம் வாசல் பக்கம் பார்க்கிறாள். அப்பா தாலுகா கச்சேரியில் வேலை முடிந்து வரும் நேரம். ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முன்பு, பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நான் கண்ட காட்சி இது. எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். பிள்ளை எதிலோ கையை வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் தம்பி பிறந்ததும் அவனைப் பக்கத்து வீட்டு ஜவுளிக்காரர் மனைவியின் கையில் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள் அம்மா. பிறத்தியார் பிள்ளை என்று எமன் ஏமாந்து போவானாம். பிச்சை என்று பெயரும் வைத்தாயிற்று. ஜவுளிக்காரர் முஸ்லிம், அவர் மனைவியை நாங்கள் சாச்சி என்போம். விற்றவள் என்ற உரிமையில் அவள் தினமும் வந்து ‘தன் பிள்ளை’யைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. எங்கள் காசில் வாங்கிய எதுவும் அந்தப் பிள்ளையின் மேல் படக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். சட்டை இரவல். விளையாட்டுச் சாமானும் இரவல்தான். நிறம் போன ஓலைக் கிலுகிலுப்பை, மூடியில்லாத மரச்செப்பு, ஒரு கால் போன குதிரை என்று தெருவில் கழித்துப் போட்டதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆற்றுக் கூழாங்கல்லுக்கு மட்டும் தடையில்லை. ஆற்றுக்கு யார் காசு கொடுத்தார்கள்? தம்பி இத்தனையையும் சுற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்தேதான் இருப்பான். ஒன்றரை வயது தாண்டியும் எழுந்து நிற்கவில்லை. கால் விளங்காத பிள்ளையோ என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. அது காதில் விழுந்த அன்று அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். நடைவண்டி ஒன்று இருந்தால் பிடித்துக்கொண்டு எழுவான் என்று சொல்லிப் பார்த்தார். வாங்க அம்மா விடவில்லை. இரவல் வண்டியோ எங்கும் கிடைக்கவில்லை.

ஆனித் தேரோட்டத்துக்கு அப்பா என்னை டவுணுக்குக் கூட்டிப் போனார். சாமியைக் கும்பிட்டோமோ இல்லையோ, ரத வீதியில் நடைவண்டிக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர், கடைக்காரர்களைப் படுத்தி எடுத்துவிட்டார். கைப்பிடியில் பிள்ளை கையில் குத்தும் சிலாம்பு இருக்கிறதா என்று தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். சக்கரம் வேகமாக ஓடினால் பிள்ளை முகம் குப்புற விழுவான் என்று, முரண்டு பிடித்து உருளும் வண்டியாகத் தேடினார். கடைசியில் சிவப்புச் சாயம் பூசிய ஒன்றை எடுத்தார். வீட்டுக்கு வருமுன் சக்கரங்களை மண்ணில் நன்றாகத் தேய்த்துப் பழசாக்கினார். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. பிறகு புறவாசல் வழியாகச் சாச்சி வீட்டுக்குப் போய், அவள் பிள்ளைகள் ஓட்டின வண்டி என்று சொல்லிக் கொடுத்துவிடும்படி கெஞ்சினார்.

சாச்சிக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை விஷயத்தில் பொய் சொல்லக்கூடாது என்றாள். ஆனாலும் மறுநாள் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அது யார் ஓட்டின வண்டி என்று அம்மா கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சாச்சி நிதானமாகச் சொன்னாள்: “யக்கா, இவன் எம் பிள்ள. தவிட்டுக்கு வித்தவ நாந்தான. எம் பிள்ளைக்கு நான் குடுக்கேன். நீங்க என்னத்துக்குக் கேள்வி கேக்கிய?”

அம்மா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியைத் தூக்கி அதன் முன்னால் இறக்கிவிட்டாள். அவன் கைப்பிடியைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். கால் நடுங்க எழுந்து நின்றே விட்டான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நவராத்திரிக்குள் தெருக்கோடி வரை ஓடிப்போய் எங்களை அலைக்கழித்தான்.

தன் தந்திரம் பலித்துவிட்டது என்ற பெருமையோடுதான் அப்பா காலமானார். தம்பிக்குத் தலைப்பிள்ளை பிறந்த சமயம், பரணிலிருந்து அந்த வண்டியை இறக்கியபோது, இனியென்ன என்று அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“மொத நாளே தெரியும்ட்டி. பிள்ள கையெல்லாம் செவப்பு. பழைய வண்டியில சாயம் ஒட்டுமா? ஒங்கப்பா சக்கரத்த தேய்ச்சாவ, கைப்பிடிய மறந்துட்டாவ. எனக்குத் தெரிஞ்சுட்டுன்னு தெரிஞ்சா, பயந்து வண்டியத் திருப்பிக் குடுத்திருவாவ. பிள்ள நிக்கான். பொறவு எனக்கென்ன சட்டம்?”

போன மாதம் தம்பியின் பேரனுக்கு ஒரு பொம்மைக் கார் வந்தது. வாயில் வைத்தாலும் சாயம் போகாதாம், கடைக்காரன் உறுதி சொல்லியிருக்கிறான். நல்லதுதான். ஆனாலும் குழந்தை தூங்கிய பிறகு அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எனக்கோ, வாசலைப் பார்த்தபடி அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் விரல்களில் ஏறிய சிவப்புதான் கண்ணில் நின்றது.