மகளின் ஆய்வுக்கு ஒரு நாடகம்

மகள் கொழும்பில் முதுமாணிப் படிப்புப் படித்தாள். அபிவிருத்திக்கும் சமூக மாற்றத்துக்குமான தொடர்பாடல் என்று அதற்குப் பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெயரே நாக்கில் நிற்கவில்லை. சனத்தைக் கதைக்க வைக்கிற படிப்பு என்று விளங்கப்படுத்தினாள்.

ஆய்வுக்காக எங்கள் ஊரில் ஒரு நாடகம் போட்டாள். மீன்பிடிச் சங்கக் கூட்டத்துக்கு வர விரும்பும் மனைவியைக் கணவன் மறிக்கிறான். அவள் பேசாமல் குசினிக்குள் சமைக்கப் போகிறாள். அந்த இடத்தில் நாடகம் நிற்கும். பார்ப்பவர்களில் யாராவது எழுந்து வந்து, அந்த மனைவியின் இடத்தில் நின்று கதைக்க வேண்டும். ஒருவரும் வராவிட்டால் வேறு ஊர் தேடி, ஆய்வை முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கணவனாக நடிக்க இருந்த பெடியன், பிறகு தனக்கு யார் பெண் தருவார்கள் என்று கழன்றுவிட்டான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத நான் அவனுக்குப் பதிலாக வசனம் பாடமாக்கினேன். மனைவியாக நடித்தது மகளின் தோழி.

சனிக்கிழமை பின்னேரம், மாதா கோயில் வளவில் நாடகம். மகளுக்குப் படிப்பிக்கும் விரிவுரையாளர் அம்மாவும் வந்திருந்தார். நிற்க வேண்டிய இடத்தில் நாடகம் நின்றது. என் மச்சான் எழுந்து வந்தான். மகளின் முகம் மலர்ந்தது. அவன் என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய் இருந்தான். கூத்தாடுபவனுக்குச் சொந்தக்காரர் மாலை போடுவது எங்கள் வழக்கம். பின்னால் இன்னும் இரண்டு மாலைகள் வந்தன. மகள் மறுபடி விளங்கப்படுத்தினாள். சனம் கவனமாகக் கேட்டுவிட்டு அப்படியே இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். தோழியை விலகச் சொல்லிவிட்டு எனக்கு நேரே நின்றாள்.

"மீன் வெட்டிறது நான், காயப்போடுறது நான், யாவாரியோட மல்லுக்கட்டிறதும் நான். கூட்டத்துக்கு மட்டும் நீங்கள். அங்க போய் நித்திரை கொள்ளுறியளாம். நாளைக்குச் சங்கக் கூட்டத்துக்கு நானும் வாறன்."

சனம் சிரித்தது. இலகுவில் விடக்கூடாது, எதிர்த்துக் கதைக்க வேண்டும் என்று மகள் சொல்லித்தந்திருந்தாள். பாடமாக்கிய ஒன்றும் வரவில்லை.

"ஓம், வா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு கெதியா விட்டுக்குடுத்தா நான் என்னத்தையப்பா எழுதுறது?" நாளைக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதும்படி விரிவுரையாளர் அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் பூசை முடிந்து மனைவி நேரே சங்கத்துக்கு நடந்தாள். கூடவே சில பெண்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று செயலாளர் வாசலில் மறித்தார்.

மச்சான் குறுக்கே வந்தான். "மனுசன் கோயில் வளவுக்க நிண்டு, சனத்துக்கு முன்னால ஓம் எண்டு சொன்னவர். இனி என்ன கதை?"

செயலாளர் என்னைப் பார்த்தார். அது நாடகம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வழிவிட்டார்.

பெண்களைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று மத்தியானம் வரை வாக்குவாதம் நடந்தது. முடிவு வரவில்லை. மகள் சுவரோடு நின்று எழுதினாள். ஆய்வுக்கு அது போதுமாக இருந்தது. அவள் கொழும்புக்குப் போன பிறகு நடந்த கூட்டத்துக்கும் மனைவி வந்தாள்.