சீமாட்டியின் உதட்டில் வந்த எலி

சுத்தப் பொய். எர்னா மீலென்ஸை ஒரு பிரபு காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று எங்கள் கட்டடத்து வாசல்காரி ஸாண்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நேற்றும் மாடிப்படியில் வாளியை வைத்துவிட்டு அதையே ஆரம்பித்தாள்.

"கருப்புக் காருடி. நாலு கதவு."

"போன வாரம் பச்சைக் காருன்னியே?"

"சாயங்கால வெளிச்சத்துல பச்சை கருப்பாத்தான் தெரியும்."

"சாயங்காலமா? அவ போனது காலைல பத்து மணிக்கு. பக்கத்து இஸ்திரிப் பலகையில நின்னவ நான். நீ அப்ப மீன் கடையில வம்பளந்துகிட்டு இருந்தே."

"சினிமாவுல சீமாட்டியா நின்னவ சும்மாவா போவா? அதான் உங்க முதலாளி கோப்கே அவ கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டா."

பிரபு கூட்டிக்கொண்டு போனானா, கோப்கே தள்ளினாளா? இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எர்னா கரி சுமப்பவரின் மகள். பதின்மூன்று வயதில் எங்கள் மோவாபிட் பேட்டையில் கோப்கேயின் சலவைக்கடைக்கு வந்தாள். ஆள் உயரம், கழுத்து நீளம், கை இரண்டும் வேகவைத்த நண்டு போலச் சிவப்பு. காலில் மரச் செருப்பு. அவள் தேய்த்த காலரை மேசையில் நிற்கவைத்தால் மாலை வரை நிற்கும். ஊறுகாய் வெள்ளரிக்காய் என்றால் உயிர். அழுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்; அவர்கள் கையில் ஒரு வெள்ளரிக்காயைத் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

எங்கள் பின்கட்டில் எட்டுப் பெண்கள். முதுகுக்குப் பின்னால் துணி பிழியும் இயந்திரம் காலையிலிருந்து கடகடவென்று ஓடும். கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் உதட்டால் பேசுவோம். குரலே எழுப்பாமல் வாயை நன்றாக அசைத்தால் போதும், நாலாவது பலகைக்காரி பதில் சொல்லிவிடுவாள். பாதிக் கட்டடத்தின் கல்யாணங்களையும் சண்டைகளையும் அப்படித்தான் பேசித் தீர்த்தோம். கோப்கே முன்கட்டில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கல்லாவில் இருப்பாள். அவளுக்கு இந்த வித்தை தெரியாது. "எம் பொண்ணுங்க சத்தமே போட மாட்டாங்க" என்று வாடிக்கைக்காரர்களிடம் பெருமையடிப்பாள். பாவம்.

அந்த வசந்தத்தில் ஊமைப் படம் எடுக்கிற கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். சலவைக்காரி ஒருத்தி பெரிய மனிதர்கள் வீட்டுக்குள் நுழைகிற கதையாம். கதாநாயகியாக நடிப்பவள் டாக்டர் மகள். இஸ்திரிப்பெட்டியைப் பூனைக்குட்டி மாதிரித் தடவுகிறாளாம். சரியாகத் தேய்க்கும் கை ஒன்று வேண்டும் என்றான். கோப்கே எர்னாவை அனுப்பினாள்.

டெம்பல்ஹோஃப் பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகையில் எர்னாவின் கையை மட்டும் படம் பிடித்தார்கள். விருந்துக் காட்சியில் சீமாட்டியாக நிற்க வேண்டியவளுக்கு அன்று பல்வலி. இயக்குநர் எர்னாவின் கழுத்தைப் பார்த்தான். சிவந்த கையை முழங்கை வரை வெள்ளை உறைக்குள் நுழைத்தார்கள், தலையில் இறகு செருகினார்கள், அவ்வளவுதான். டாக்டர் மகள் சலவைக்காரி, சலவைக்காரி சீமாட்டி.

"அவள ஏளனமாப் பார்த்து எதாவது சொல்லு. என்ன வேணா சொல்லு, எவனுக்குக் கேக்கப்போகுது?" என்றானாம் இயக்குநர்.

எர்னா சொன்னாள்.

படம் எங்கள் தெருவுக்கு வந்தபோது கோப்கே எட்டுப் பேருக்கும் தன் செலவில் இடம் பிடித்தாள். தானும் தொப்பி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். பியானோக்காரன் சோகமாக வாசிக்கிறான். கதாநாயகி தலை குனிந்து நிற்கிறாள், கொட்டகையில் பாதிப் பேர் மூக்கைச் சிந்துகிறார்கள். எர்னா திரையில் பெரிதாக வந்து, புருவத்தைத் தூக்கி, உதட்டை அசைத்தாள். அடுத்துத் திரையில் வந்த எழுத்தில் ஏதோ கௌரவம், குலம் என்று இருந்ததாம். எனக்கு எழுத்துத் தெரியாது. உதடு தெரியும். அவள் சொன்னது இது:

"நீதிபதி சட்டைய எலி கடிக்கலடி. கோப்கே கருக்கிட்டா. இஸ்திரிப்பெட்டி வடிவத்துல எந்த எலிடி கடிக்கும்?"

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தோம். முன்வரிசைக்காரர் திரும்பி, "மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" என்று திட்டினார்.

"என்னடி? என்னடி சிரிப்பு?" என்று கோப்கே எங்கள் விலாவைக் குத்தினாள். நாங்கள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டோம்.

விஷயம் இதுதான். நீதிபதி ஹாஸல்பாஹின் விருந்துச் சட்டையைக் கோப்கேதான் தேய்த்தாள். மீன்காரனோடு பேச்சு மும்முரத்தில் பெட்டியை நெஞ்சுப் பகுதியிலேயே வைத்துவிட்டாள். பிறகு கருகிய இடத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி எறிந்துவிட்டு, எலி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீதிபதியின் அக்கா அடெல்ஹைட் கடைக்குள் வந்தார். சிறு வயதில் காய்ச்சலில் காது போனவர், எங்களைப் போல உதட்டைப் படிப்பவர். ஊமைப் படம் ஒன்றையும் விடமாட்டார். அங்கே எல்லோரும் அவருக்குச் சமம்தானே. முன்கட்டில் ஏதோ பேச்சு நடந்தது. கோப்கேயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து, அந்த அம்மாளையும் இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். அந்த அமைதி எங்களுக்குப் பழக்கமே இல்லை.

"எர்னா கண்ணு," என்றாள், அந்த அம்மாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதுவரை கண்ணு என்றதே கிடையாது. "அம்மாவுக்கு ஏதோ தப்பாத் தெரிஞ்சிருக்கு. நான் அப்படி எதுவும் சொல்லலன்னு சொல்லிடும்மா. தலைமைப் பலகை காலியா இருக்கு, நாளையிலேருந்து நீதான்."

எர்னாவின் வீட்டில் அப்போது அப்பாவுக்கு வேலை இல்லை. கடையில் அவள் நின்ற இடம் போனால் அடுத்த இடம் எங்கே? நாங்கள் ஏழு பேரும் அந்த அம்மாளுக்குப் பின்னாலிருந்து 'சொல்லிடுடி, சொல்லிடு' என்று உதட்டை அசைத்தோம். ஆமாம், நானும்தான்.

அடெல்ஹைட் அம்மாள் சட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எர்னாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றார். குரல் கொஞ்சம் உரக்க வந்தது.

"சட்டை போனாப் போகட்டும். ஆனா நான் படிச்சதச் சொன்னா, என் தம்பி சிரிக்கிறான். அக்கா எல்லாத்தையும் கற்பனை பண்ணுறா, இனிமே அவ பேச்ச நம்பாதீங்கன்னு சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாலயும் சொல்றான். என் கண்ணும் போயிடுச்சா? அத மட்டும் சொல்லு பொண்ணே."

எர்னா கோப்கேயைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்தாள்.

"உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லீங்க," என்று நிதானமாகச் சொன்னாள். "எலி, பெட்டி, கோப்கே. ஒரு சொல்லு தப்பில்ல. இந்த ஏழு பேரும் அதையேதான் படிச்சாங்க. வேணும்னா அவங்களையும் கேளுங்க."

அந்த அம்மாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏழு தலையும் ஆடியது. என் தலை கடைசியாகத்தான் ஆடியது, ஒத்துக்கொள்கிறேன்.

கோப்கே வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். அவள் இழுத்து முடிப்பதற்குள் எர்னா வேலை அங்கியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். தன் தகரக் குவளையையும் பாதி வெள்ளரிக்காயையும் எடுத்துக்கொண்டாள். நாங்கள் முற்றத்துப் பக்கம்தான் போக வேண்டும், வர வேண்டும். எர்னா முன்கட்டு வழியாக, வாடிக்கைக்காரர்கள் நடக்கும் பளபளப்பான மரத்தரை மேல், மரச் செருப்பு டக் டக்கென்று ஒலிக்க நடந்தாள். அடெல்ஹைட் அம்மாள் முந்திப் போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"நீ இனி இங்க வேலைக்கு வர வேணாம்!" என்ற கோப்கேயின் சத்தம் கதவு மூடிய பிறகுதான் வந்தது.

தெருவில் கார் எதுவும் இல்லை. பீர் பீப்பாய் வண்டி ஒன்று நின்றது, அதன் குதிரை எர்னாவின் வெள்ளரிக்காயை முகர்ந்து பார்த்தது. அவள் அதைத் தள்ளிவிட்டு, பாலத்துப் பக்கம் திரும்பினாள்.

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் பலகையில் காலர் ஒன்று பாதியில் கிடந்தது, ஈரம் காயவில்லை. நான் எடுத்துத் தேய்த்து முடித்தேன்.