கலேவெலையில் ஒலிக்காத இரண்டாம் இலக்கம்

மாத்தளை நகரத்தில் கலாராணியின் குரலைக் கேட்காதவர்கள் இல்லை. முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்வது அவள். சேலைக் கடையின் மலிவு விற்பனையை வீதி வீதியாகச் சொல்வது அவள். அதே வீதியில் மறுநாள் மரண அறிவித்தலைச் சொல்வதும் அவள்தான். கணவன் சதீஸ்குமார் ஆட்டோவை ஓட்டுவான். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கும், பின்னிருக்கையில் மைக்கோடு இவள்.

அப்பா ஐயாவு கடைத்தெருவில் மூட்டை தூக்கியவர். ஓடையோர வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்த கலாராணி, நாற்பத்திரண்டு வயதிலும் அங்கேயே இருக்கிறாள். மழை பிடித்தால் அரிசி வாளியைக் கட்டில் மேல் ஏற்றும் வீடுகள். யாருக்கும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. உறுதி வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ வேட்பாளர்கள் சொன்னதை அவளே காசுக்கு மைக்கில் வாசித்திருக்கிறாள்.

அந்த வீட்டுக்கு ஒரு மாலை கட்சி அமைப்பாளர் வந்தார். ஊரில் அவரை ஐயா என்ற பொருளில் மாத்தயா என்றுதான் சொல்வார்கள். சிங்களத்தில் பேசினார். பாராளுமன்றத் தேர்தலுக்குப் பட்டியலில் ஓர் இடம் இருக்கிறது, நீ நிற்க வேண்டும் என்றார்.

"நான் ஏன்?" என்று கேட்டாள். மாத்தயா சிரித்தார். மறுபடி கேட்டாள். மறுபடி சிரித்தார்.

அவர் போனதும் சதீஸ்குமார் கதவைச் சாத்தினான்.

"கட்சிக்குக் கொடி கட்டுனவங்க எத்தனை பேரு இருக்காங்க. அவங்கள விட்டுட்டு மைக் புடிக்கிறவளத் தேடி வாறாங்கன்னா என்ன அர்த்தம்?"

"அதத்தான் நானும் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

"அப்ப வேணாம்னு சொல்லிடு."

அவள் சொல்லவில்லை. சிரிப்பை நம்பியதால் அல்ல. ஓடையோரத்திலிருந்து ஒரு பெயர் இதுவரை எந்தப் பட்டியலிலும் ஏறியதில்லை. அடுத்த முறை யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். வாக்காளர் முதலில் சின்னத்துக்குப் புள்ளடி போட வேண்டும். பிறகு அந்தக் கட்சியின் எட்டு பேரில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைச் சின்னம் தீர்மானிக்கும், அதில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். ஆகவே எதிர்க்கட்சிக்காரனைவிட, ஒரே மேடையில் பக்கத்தில் நின்று மாலை வாங்குகிறவன்தான் பெரிய ஆபத்து. மாத்தயாவுக்கு ஐந்தாம் இலக்கம், கலாராணிக்கு இரண்டு. அதே பட்டியலில் தம்புள்ளைப் பக்கத்து வியாபாரி ஒருவருக்கு ஆறு. ஐந்துக்கும் ஆறுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம்.

தமிழ் அறிவிப்பை அவளே பதிவு செய்தாள். "ஐந்துக்கும் இரண்டுக்கும் உங்கள் விருப்பு வாக்குகள்." மாத்தயா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டார். "ஐந்து முதலில் வரட்டும்" என்றார். சிங்களப் பதிவு தம்புள்ளையில் நடந்தது. அதை அவளுக்குப் போட்டுக் காட்டவில்லை. கேட்டபோது, அதுவும் இதேதான் என்றார்கள்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு சீகிரியாவில் ஹோட்டல் வேலை செய்யும் சித்தி மகள் நதா போன் எடுத்தாள்.

"அக்கா, தம்புள்ளை, கலேவெல எங்கயும் ஒங்க போஸ்டர் ஒண்ணு இல்ல. ஸ்பீக்கர்ல ஒங்க நம்பரும் வரல."

போஸ்டரைக் கலேவெலைக்குக் கொண்டுபோனவர் முஸம்மில். வீதி முனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வெங்காயம், செத்தல் மிளகாய் வாங்க வாரம் இருமுறை அங்கே போவார். இவளுக்காகப் பள்ளிவாசல் பக்கத்து வீடுகளில் ஏறி இறங்கியவரும் அவர்தான். அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள். கலாராணி நேரே கடைக்குப் போனாள்.

"நானா, போஸ்டர எங்க ஒட்டுனீங்க?"

"கட்சி ஆபீஸ்ல குடுத்தேன். பொடியன்மார் ஒட்டுறதாச் சொன்னாங்க."

"ஒட்டுனத நீங்க பாத்தீங்களா?"

முஸம்மில் தராசிலிருந்து கையை எடுத்தார். "தங்கச்சி, என்னயவா சந்தேகப்படுறீங்க?"

"எல்லாரையும்தான்."

கடையில் பருப்பு வாங்க நின்ற இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் பருப்பை நிறுத்துக் கொடுத்து முடித்தார்.

"நாளைக்கு கலேவெல சந்தை" என்றார் பிறகு. "நீங்களும் வாங்க. கண்ணால பாத்துட்டு எண்ட மொகத்தப் பாருங்க."

போனார்கள். சந்தை வாசலில் மாத்தயாவின் முகம் ஒட்டிய சின்ன லொறி நின்றது. ஒலிபெருக்கி சிங்களத்தில் முழங்கியது: ஐந்து, நான்கு, ஏழு. கலாராணி மூன்று முறை முழுதாகக் கேட்டாள். இரண்டு வரவே இல்லை. டிரைவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, காய்கறி வாங்க வந்தவள் மாதிரிப் பக்கத்தில் போனாள்.

"ரெண்டாம் இலக்கமும் இந்தக் கட்சிதானே தம்பி, அதச் சொல்லலையே?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"அது இங்க இல்ல. மாத்தளைக்கு மட்டும்." டிரைவர் ரகசியம் எதுவும் சொல்வதாக நினைக்கவில்லை. "அங்க தமிழ் ஆளுங்க அஞ்சுக்குச் சும்மா போட மாட்டாங்க. ரெண்டோட சேத்துச் சொன்னா போடுவாங்க."

"அப்ப அந்தப் பொம்பளைக்கு?"

"எந்தப் பொம்பளை?" என்றான்.

திரும்பும் பஸ்ஸில் முஸம்மில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். நாலந்தா ஊரைத் தாண்டியதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நானா, நான் நேத்துக் கேட்டது..."

"விடுங்க தங்கச்சி. நானே பசை பூசி ஒட்டியிருந்தா இந்தப் பேச்சு வந்திருக்காது." மன்னித்த குரல் அல்ல அது. கணக்கை மூடிய குரல்.

பட்டியலிலிருந்து இனிப் பெயரை எடுக்க முடியாது. ஊரைக் கூட்டி அழுதால் சின்னத்துக்கு விழும் வாக்கும் போய்விடும். தன் ஆட்களின் ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஐந்து ஏறுகிறது. ஐந்தின் ஆட்கள் சீட்டில் இரண்டு ஏறுவதில்லை. அதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. சதீஸ்குமாரிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

பிரசாரத்தின் இறுதி நாள் மாத்தளையில் கூட்டம். மேடையில் மாத்தயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் அதிகம் தெரியாது, இலக்கங்கள் மட்டும் நன்றாகத் தெரியும். கலாராணி மைக்கைப் பிடித்தாள்.

"சின்னத்துக்குப் போடுங்க. அப்புறம் ரெண்டுக்கு மட்டும் போடுங்க. மூணு பேருக்குப் போடணும்னு சட்டமில்ல. ஒருத்தருக்குப் போட்டாலும் சீட்டு செல்லும். மத்த கட்டத்துல கை வைக்காதீங்க."

மாத்தயா ஐந்து வருகிறதா என்று காத்திருந்தார். அவள் வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். முன்வரிசையில் யாரோ, "அஞ்ச மறந்துட்டியே பிள்ள" என்றார். "மறக்கல மாமா" என்றாள். மாத்தயாவுக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுந்து ஜீப்புக்குப் போனார்.

கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. ஆறாம் இலக்கம் உள்ளே போனது. மாத்தயா சில நூறு வாக்குகளால் வெளியே நின்றார். கலாராணி நான்காவதாக வந்தாள். நகரத்து வட்டாரங்களில் அவள்தான் முதல், ஆனால் நகரம் மட்டும் போதவில்லை.

மறுநாளே பேச்சு கிளம்பியது. ஆறாம் இலக்கத்திடம் எவ்வளவு வாங்கினாள்? வாங்காமலா ஐந்தைக் கவிழ்த்தாள்? தண்ணீர்க் குழாயடியில் அவள் போனதும் பேச்சு நின்றது. நேற்றுவரை அவளுக்கு வாக்குக் கேட்டவர்களே அவள் கழுத்தில் புதுச் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ஆறாம் இலக்கத்தின் ஆள் ஒருவன் வான் வண்டியில் வந்தான். கையில் பழக்கூடை. மேலதிகமாக, நன்றி அறிவிப்பு ஒன்றைத் தமிழில் பதிவு செய்து தர வேண்டுமாம். கலாராணி அவனை வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே வந்து நதாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஒங்க ஹோட்டல் மொதலாளி யாரோட ஆளு?"

"ஏன்க்கா?"

"சொல்லு."

"ஆறாம் நம்பரோட மச்சினன்."

"அன்னைக்கு போன் எடுத்தியே. நீயா எடுத்தியா, எடுக்கச் சொன்னாங்களா?"

நதா குரலைத் தணித்தாள். "மொதலாளிதான் சொன்னாரு, ஒன் அக்காகிட்டச் சொல்லிடுன்னு. ஆனா பொய்யில்லயே அக்கா. நீங்களே போய்க் கேட்டீங்கதானே?"

"பொய்யில்ல" என்று போனை வைத்தாள். கலேவெலையில் அந்த லொறி டிரைவர் ஏன் அத்தனை தாராளமாகப் பேசினான் என்பது இப்போதுதான் உறைத்தது. அவனும் ஆறின் ஆள். இல்லை, அவன் சும்மா பேசியவனாகவும் இருக்கலாம். எதைப் பிடித்து எதை விடுவது என்று தெரியவில்லை.

"கூடைய அவன்கிட்டயே குடுத்துடுங்க" என்றாள் சதீஸ்குமாரிடம். "பதிவுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க."

"மாம்பழம் நல்லாருக்கு, ராணி."

"நல்லாத்தான் இருக்கும். குடுங்க."

கூடையோடு வான் புறப்பட்டது. அவள் ஜன்னலில் நின்றாள். வான் வீதி முனை வரை போய், முஸம்மிலின் கடை வாசலில் நின்றது. அவன் இறங்கிக் கடைக்குள் போனான். சிகரெட் வாங்கப் போயிருப்பான். பார்க்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவரை ஒருமுறை சந்தேகப்பட்ட பிழை போதும்.

அவன் வெளியே வரும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.